எடைக்குப் போகும் எழுத்து

பழைய இதழ்களைச் சேகரிப்பது வெளிநாட்டுப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று பலர் நினைக்கிறார்கள். ஓரளவு உண்மைதான். 1884ல் லண்டனில் தொடங்கிய 'ஹாபி ஹார்ஸ்', 1893ல் வந்த 'தி ஸ்டுடியோ' போன்ற இதழ்களின் பழைய பிரதிகளைத் தேடி அலைபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இயந்திரம் கக்கும் மலிவுப் பொருட்களை வெறுத்து, கைவேலைக்கு மரியாதை தேடிய 'ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்' இயக்கத்தோடு தொடர்புள்ள இதழ்கள் அவை.

சரி, அதற்கும் நம்ம கம்பம் பள்ளத்தாக்குக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது நண்பர்களே!

அந்த இயக்கத்தின் தலைமகன் வில்லியம் மாரிஸ். அவருக்கு வழிகாட்டியது ஜான் ரஸ்கினின் எழுத்து. அதே ரஸ்கினின் இன்னொரு புத்தகத்தை 1904ல் தென்னாப்பிரிக்காவில் ரயில் பயணத்தில் படித்துத் தன் வாழ்க்கையையே மாற்றிக்கொண்டவர் காந்தி. அந்தக் காந்தியின் வழியில் சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர்களில் ஒருவர் சி.சு.செல்லப்பா. 'வாடிவாசல்' எழுதினாரே, அவரேதான். பெயருக்கு முன்னால் நிற்கும் அந்த 'சி', நம் சின்னமனூர்!

செல்லப்பா 1959 ஜனவரியில் சென்னையில் 'எழுத்து' என்ற இதழைத் தொடங்கினார். சினிமா கிடையாது. முக்கியமாக இலக்கிய விமர்சனமும் புதுக்கவிதையும்தான். தமிழில் புதுக்கவிதை வேர் பிடித்ததே அந்தப் பக்கங்களில்தான் என்று சொல்லலாம். கைக்காசு கரைந்தது. புத்தக மூட்டையைத் தானே சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றார். 1970ல் இதழ் நின்றது.

இப்போது ஒரு கேள்வி. எந்த இதழைக் காப்பாற்ற வேண்டிய அவசரம் அதிகம்? லண்டன் இதழா, 'எழுத்து' போன்ற நம் சிற்றிதழ்களா?

மாரிஸின் கெல்ம்ஸ்காட் அச்சகம் 1891 முதல் 1898 வரை 53 நூல்களை அச்சிட்டது. எல்லாம் கையால் செய்த நல்ல தாள். நூறு வருடம் தாண்டியும் கெட்டியாக நிற்கிறது. நம் இதழ்களில் பெரும்பாலானவை வந்தது மலிவான மரக்கூழ்த் தாளில். அதில் இருக்கும் அமிலமே தாளை அரித்துவிடும். மஞ்சளாகி, மடித்தால் ஒடிந்து, கடைசியில் அப்பளம் மாதிரி நொறுங்கும். பூச்சி தனி!

லண்டன் இதழ்களுக்குப் பெரிய நூலகங்கள் காவல் இருக்கின்றன. பலவற்றை இணையத்திலேயே இலவசமாகப் புரட்டலாம். நம் இதழ்களுக்குக் காவல் யார்? வீட்டுப் பரண்தான். தாத்தா காலமானதும் பேரன் பரணைச் சுத்தம் செய்வான். கட்டுக்கட்டாக எடைக்குப் போகும். கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கு முடிந்துவிடும்.

"அதான் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிட்டாங்களே?" என்று கேட்கலாம். ஸ்கேன் செய்யவும் ஒரு முழுப் பிரதி வேண்டுமே! கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்திராவிட்டால், 1994ல் சென்னையில் அவர் பெயரில் நூலகம் வந்திருக்காது. அவர் சேர்த்ததில் புத்தகம், இதழ் மட்டுமல்ல, நாடக நோட்டீஸ்கூட உண்டு. அன்று குப்பை என்று பார்க்கப்பட்டது இன்று ஆய்வுக்கு ஆதாரம்.

ஆனால் பூட்டி வைப்பதும் சேகரிப்பு ஆகாது. படத்துக்காகப் பக்கத்தை வெட்டுவது, விளம்பரங்களைக் கிழித்துவிட்டுக் கதையை மட்டும் பைண்டு செய்வது, கிழிசலில் செலோடேப் ஒட்டுவது எல்லாம் இதழைக் கொல்லும் வேலை. அந்தக் காலத்துச் சோப்பு விலையும் சினிமா விளம்பரமும்கூட வரலாறுதான்.

தேனியிலோ போடியிலோ உத்தமபாளையத்திலோ வீட்டுப் பரணில் பழைய கட்டு இருந்தால், எடைக்குப் போடும் முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். அட்டையில் தேதி இருக்கிறதா, பக்கங்கள் முழுதாக இருக்கிறதா என்று பார்த்து ஒரு பட்டியல் எழுதுங்கள். வைத்துக்கொள்ள இடமில்லையா? நூலகத்துக்குக் கொடுங்கள். கடைக்காரர் தரும் ஐம்பது, நூறு ரூபாய் ஒரு வாரம்கூடத் தாங்காது.