சுவருக்கு விதி உண்டு, வண்டிக்கு இல்லை

தில்லியில் பழைய வண்டிகளைப் பற்றிய விவாதம் பத்தாண்டுகளுக்கு மேலாகப் புகைக்குழாயைச் சுற்றியே நடக்கிறது. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் தலைநகர் வட்டாரத்தில் ஓடக்கூடாது எனத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015ஆம் ஆண்டுகளில் ஆணைகள் பிறப்பித்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அவற்றை நடைமுறைப்படுத்தச் சொன்னது. அன்றிலிருந்து வழக்குகளும் தளர்வுகளும் மறுபரிசீலனைகளும் தொடர்கின்றன. புகையை அளக்கக் கருவி உண்டு, சான்றிதழ் உண்டு, அபராதமும் உண்டு. அதே வண்டி புது வண்ணம் பூசப் பட்டறைக்குள் நுழையும்போது அதன் உடலிலிருந்து உதிரும் தூசிக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

தமிழகத்தில் 'டிங்கரிங், பெயின்டிங்' என்றும் வடக்கே 'டென்டிங், பெயின்டிங்' என்றும் பெயர்ப்பலகை தாங்கிய பட்டறைகளில் நடக்கும் வேலையின் பெரும்பகுதி பூசுவதன்று, உரிப்பது. ஒடுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்திய பின் பழைய வண்ணம், பட்டி, துரு ஆகியவற்றைச் சுரண்டியும் தேய்த்தும் வெற்று இரும்பைக் காணவேண்டும். சுரண்டித் தகடு, எமரித்தாள், கம்பித் தூரிகை பொருத்திய கிரைண்டர், சில இடங்களில் பெயின்ட் ரிமூவர், லாரிச் சட்டகம் போன்ற கனத்த பாகங்களுக்கு மணல் பீச்சுதல் என இதற்குப் பல வழிகள். தில்லிப் பட்டறைகளில் தேய்ப்பு வேலைக்கு 'கிஸாயி' என்று பெயர். வண்ணம் பீச்சும் துப்பாக்கியை 'உஸ்தாத்' பிடிப்பார். தேய்ப்பது பெரும்பாலும் தொழில் பழக வந்த இளைஞனின் பங்கு. பார்வைக்குத் தெரிவது உஸ்தாதின் வேலை. அது எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பதைத் தீர்மானிப்பது இளைஞனின் வேலை.

இதில் மிகையேதும் இல்லை. துரு, தான் உண்டாகும் இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைக்கும். நுண்துளைகள் நிறைந்தது; ஈரத்தையும் உப்பையும் தன்னுள் தேக்கிக்கொள்ளும். அதன் மேல் எவ்வளவு உயர்ந்த வண்ணத்தைப் பூசினாலும், உள்ளே அரிப்பு தொடர்ந்து நடந்து, சில மழைக்காலங்களில் வண்ணம் கொப்புளித்து எழும். அதனால்தான் எஃகுப் பரப்பு எந்த அளவு தூய்மையாக இருக்கவேண்டும் என்பதற்குத் தனித் தரநிலைகள் உள்ளன. சுவீடன் 1967இல் வெளியிட்ட ஒப்புநோக்குப் படங்களே இன்றைய பன்னாட்டுத் தரநிலைக்கு அடித்தளம். அரிமானப் பொறியியல் பாடநூல் எதுவும் பரப்பு ஆயத்தம் என்ற பகுதி இல்லாமல் முடிவதில்லை. அந்தப் பகுதியில் பரப்பு இருக்கும், தூய்மைத் தரம் இருக்கும். அதை ஆயத்தம் செய்பவரின் நுரையீரல் இருப்பதில்லை.

அவர் எதைச் சுவாசிக்கிறார் என்பது வண்டியின் வயதைப் பொறுத்தது. ஆலையிலிருந்து புதிதாக வரும் காரின் எல்லா வண்ண அடுக்குகளும் சேர்ந்து ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிமனே இருக்கும். பலமுறை கைமாறி, பலமுறை பூசப்பட்ட வாடகை வண்டியிலோ லாரியிலோ பேருந்திலோ அதன் மேல் அடுக்கடுக்காக ஏறியிருக்கும். தொல்லியல் மேட்டைத் தோண்டுவதுபோல, கீழே போகப் போகப் பழைய காலம் வெளிப்படும். மஞ்சள், ஆரஞ்சு நிறங்களுக்கு ஈயக் குரோமேட்டும், துருத் தடுப்புப் பூச்சுக்குச் செவ்வீயமும் நெடுங்காலம் பயன்பட்டவை. ஒன்று ஈயத்தோடு குரோமியத்தையும் சுமப்பது. மற்றொன்று முழுதும் ஈய ஆக்சைடு. எல்லா வண்டியிலும் இவை உண்டு என்று சொல்வதற்கில்லை. எந்த வண்டியில் உண்டு என்று தேய்ப்பவருக்குத் தெரிய வழியில்லை என்பதே சிக்கல்.

ஈயத்திற்குத் தீங்கற்ற அளவு என ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில் கவலைக்குரிய அளவு ஈயம் இருப்பதாக மதிப்பிட்டது. பட்டறைத் தூசி பட்டறையோடு நிற்பதில்லை. சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டி வீட்டுக்குச் செல்கிறது; தந்தை தூக்கிக் கொஞ்சும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகிறது.

இந்திய அரசு ஈய வண்ணத்தை அறியாததன்று. வீட்டு, அலங்கார வண்ணங்களில் ஈய அளவைக் கட்டுப்படுத்தும் விதிகள் 2016இல் வெளியாகி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது. உலகின் கண்டிப்பான வரம்புகளுள் ஒன்று இது; பாராட்டுக்குரியதும்கூட. ஆனால் விதியின் பெயரிலேயே அதன் எல்லையும் இருக்கிறது. வீட்டுச் சுவருக்கும் கதவுக்கும் பூசுவது அதற்குள் வரும். வண்டிக்கும் இயந்திரத்துக்கும் பூசுவது வராது. குழந்தை சாய்ந்து நிற்கும் சுவருக்குக் காவல் இருக்கிறது. அதே குழந்தையின் தந்தை நாள்முழுதும் தேய்க்கும் கதவு காரின் கதவாக இருப்பதால் அதற்குக் காவல் இல்லை.

விதியை வண்டிகளுக்கும் நீட்டினால் போதுமே என்று தோன்றலாம். நீட்டத்தான் வேண்டும், ஆனால் போதாது. விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் நாளை திறக்கப்படும் டப்பாவை மட்டுமே ஆளும். உரிப்பவரின் கையில் இருப்பதோ இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் பூசப்பட்ட வண்ணம். எனவே பூசுவதற்கு ஒரு விதியும் உரிப்பதற்கு வேறொரு விதியும் தேவைப்படுகின்றன. அமெரிக்கா வீடுகளுக்கான ஈய வண்ணத்தை 1978இல் தடைசெய்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2008இல், பழைய வீடுகளில் அந்த வண்ணத்தைக் கலைக்கும் பழுதுபார்ப்பு வேலைக்கென்று தனி விதி கொண்டுவரவேண்டியிருந்தது. அதே ஆண்டில் வண்ணம் உரிக்கும் சிறு நிறுவனங்களுக்கும் வாகன வண்ணப் பட்டறைகளுக்கும் காற்று மாசு விதி அங்கே வந்தது. இரண்டு விதிகளுக்கும் இடைப்பட்ட முப்பது ஆண்டுக் காத்திருப்பை இந்தியா திரும்பச் செய்யவேண்டியதில்லை.

தூசி வேண்டாமென்று வேதிப்பொருளை நாடினால் வேறொரு கேடு காத்திருக்கிறது. பெயின்ட் ரிமூவர்கள் பலவற்றின் முதன்மைப் பொருள் மெத்திலீன் குளோரைடு. பூசிச் சில நிமிடங்களில் வண்ணம் சுருங்கி எழும்; வேலை எளிது. அது ஏறத்தாழ 40 பாகை செல்சியஸில் கொதிப்பது. வட இந்தியக் கோடையின் நண்பகல் அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும். அதன் ஆவி காற்றைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு கனமானதால் தரையோடு தங்கும். வண்டிக்குப் பக்கத்தில் குந்தி வேலை செய்பவரின் முகமும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. உடலுக்குள் போனபின் அதன் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறும். முகத்தில் கட்டிய கைக்குட்டை இந்த ஆவியைச் சிறிதும் தடுக்காது. குளியல் தொட்டிகளின் பூச்சை இதைக்கொண்டு உரித்தவர்களில் 13 பேர் 2000க்கும் 2011க்கும் இடையில் இறந்ததை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்துள்ளது. நுகர்வோருக்கு விற்கப்படும் பெயின்ட் ரிமூவர்களில் அந்நாடு இதை 2019இல் தடைசெய்தது. 2024இல் பெரும்பாலான தொழிற்பயன்பாடுகளுக்கும் தடையை விரித்தது.

மணல் பீச்சுதலின் கதை இன்னும் பழையது. மணலின் பெரும்பகுதி படிகச் சிலிக்கா. இரும்பில் மோதி உடையும்போது அது கண்ணுக்குத் தெரியாத துகளாகி நுரையீரலின் அடிவரை செல்கிறது. அது உண்டாக்கும் சிலிக்கோசிஸ் நோய்க்கு மீட்சியில்லை. வார்ப்புகளைத் துப்புரவு செய்ய மணல் பீச்சுவதைப் பிரிட்டன் 1949ஆம் ஆண்டு விதிகளில் விலக்கியது. அரை நூற்றாண்டுக்குப் பின் துருக்கியில், ஜீன்ஸ் துணியைப் பழையதுபோல் காட்ட மணல் பீச்சிய இளைஞர்கள் அதே நோயால் இறந்தனர். அவர்கள் வேலை செய்தவை பெரும்பாலும் பதிவில்லாத சிறு பட்டறைகள். ஆய்வாளர் எவரும் அங்கே போனதில்லை. மருத்துவமனைக்கு வந்த இளைஞர்களின் நுரையீரலைப் படித்த மார்பு மருத்துவர்கள் அதை ஆய்விதழ்களில் எழுதிய பிறகே நாடு கவனித்தது. 2009இல் துருக்கி அந்தத் தொழில்முறையைத் தடைசெய்தது.

இந்தியப் பட்டறையும் பதிவேட்டுக்கு வெளியில்தான் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் உற்பத்திச் செயல் என்பதற்குள் பழுதுபார்ப்பதையும் துப்புரவு செய்வதையும் சேர்த்தே வரையறுத்தது. அறிவிக்கப்படவேண்டிய நோய்களின் அட்டவணையில் அது முதலிடத்தில் வைத்தது ஈய நஞ்சேற்றத்தை. ஆனால் மின்விசையுடன் 10 பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. நான்கு பேர் கொண்ட பட்டறையில் ஈயம் இருக்கலாம், நோயும் இருக்கலாம். சட்டம் மட்டும் இருக்காது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக உயர்த்தியது. நஞ்சு ஆள்களை எண்ணிப் பார்த்துத் தாக்குவதில்லை. அதைச் சட்டமியற்றியோர் அறியாமலும் இல்லை. பழைய சட்டத்தின் 85ஆம் பிரிவு, எண்ணிக்கை குறைந்த இடங்களையும் அறிவிக்கை வழியே உள்ளே கொண்டுவர மாநில அரசுகளுக்கு அதிகாரம் தந்திருந்தது. புதிய தொகுப்பும், உயிருக்கு ஆபத்தான பணி நடக்கும் இடங்களுக்கு எண்ணிக்கை வரம்பு பொருந்தாது என அறிவிக்க மத்திய அரசுக்கு இடம் தருகிறது. சட்டத்தில் கதவு இருக்கிறது. வண்ணம் உரிக்கும் வேலைக்காக அதைத் திறக்கும் அறிவிக்கைதான் வேண்டும்.

விதி வந்தால் சிறு பட்டறைகள் மூடப்படும், பிழைப்பு போகும் என்ற மறுப்பு எளிதில் தள்ளக்கூடியதன்று. அபராதச் சீட்டோடு வரும் அதிகாரி மட்டுமே விதியின் வடிவம் என்றால் அந்த அச்சம் நியாயமானது. நீர் விட்டுத் தேய்த்தால் தூசி எழாது என்பதும் முழு விடையாகாது. மேல் அடுக்குகளை வாட்டர் பேப்பரால் ஈரமாகத் தேய்ப்பது பட்டறைகள் ஏற்கெனவே அறிந்த முறை. வெற்று இரும்பு வெளிப்பட்டதும் நீர் பட்டால் அது பார்த்திருக்கும்போதே மீண்டும் துருவேறத் தொடங்கும். அதனால்தான் அடிவரை உரிக்கும்போது உலர்வாகத் தேய்க்கிறார்கள். இது அறியாமையன்று, தொழிலறிவு. அந்த அறிவை மதித்து எழுதப்படும் விதி, இரும்பு தெரியும் வரை ஈரத் தேய்ப்பு, அதன்பின் தூசியை உறிஞ்சும் குழாய் இணைத்த தேய்ப்புக் கருவி என்று பிரித்துப் பேசும். கருவி வாங்க இயலாதவர்களுக்காகப் பட்டறைகள் செறிந்த பகுதிகளில் பொதுக் கூடம் அமைக்கச் சொல்லும். ஈரத் தேய்ப்பின் சேறு சாக்கடையில் போகாமல் சேகரிக்க வழி சொல்லும். செலவே இல்லாத திருத்தங்களும் உண்டு: உதிர்ந்த தூசியைக் கம்ப்ரெசர் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் எடுப்பது, கை கழுவிய பின்னரே தேநீரைத் தொடுவது, வேலைச் சட்டையைப் பட்டறையிலேயே கழற்றி வைப்பது.

பல்கலைக்கழகங்களுக்கு இதில் ஒரு பழைய கடனும் உண்டு. 2010இல் தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை, பல ஆண்டுகள் பயன்படாமல் கிடந்த காமாக் கதிர்வீச்சுக் கருவியை ஏலத்தில் விற்றது. அது மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தையை அடைந்தது. உள்ளே கோபால்ட்-60 இருப்பதை அறியாமல் தொழிலாளர்கள் அதைப் பிரித்தனர். பலர் கதிர்வீச்சுக்கு ஆளாயினர், ஒருவர் உயிரிழந்தார். பொருளுக்குள் என்ன இருக்கிறது என்பது வளாகத்தில் ஏட்டறிவாக இருந்தது. அதைக் கையால் பிரித்தவர்களிடம் மட்டும் அந்த அறிவு சேரவில்லை. கதிரியக்கம் என்ற சொல்லின் அச்சத்தால் அன்று நாடே திரும்பிப் பார்த்தது. ஈயமும் சிலிக்காவும் மெல்லக் கொல்பவை. அவற்றுக்குத் தலைப்புச் செய்தி கிடைப்பதில்லை. ஆனால் அறிந்தவருக்கும் பிரிப்பவருக்கும் இடையிலுள்ள தொலைவு அப்படியேதான் இருக்கிறது.

அந்தத் தொலைவைக் குறைக்கப் பெரிய நிதி நல்கை வேண்டியதில்லை. சுரண்டிய வண்ணத்தில் ஈயம் உண்டா என்று காட்டும் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி பல பல்கலைக்கழகங்களில் கனிமங்களுக்கும் நாணயங்களுக்கும் பயன்பட்டு வருகிறது. இரத்தத்தில் ஈயம் அளக்க மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. பரப்பு ஆயத்தத்தைக் கற்பிக்கும் பொறியியல் துறைகளும், தொழிலாளர் சட்டத்தைக் கற்பிக்கும் சட்டத் துறைகளும் பெரும்பாலும் ஒரே நகரில் இருக்கின்றன. துருக்கியில் மருத்துவர்கள் நோயாளிகள் வந்த பின்னரே எழுத முடிந்தது. இங்கே எந்த நிறத்து வண்டியில், எந்த அடுக்கில், எவ்வளவு ஈயம் என்று முன்கூட்டியே எழுதி, அந்த அட்டவணையை மாநில மொழிகளில் பட்டறைச் சுவரில் ஒட்ட முடியும். எண்ணிக்கை வரம்பை நீக்கும் அறிவிக்கையை அரசிடம் கேட்கும்போது மேசைமேல் வைக்கவேண்டிய தாளும் அதுவே.