கட்டிலில் இருப்பவர் வண்டியோட்டட்டும்

பனமலை, செஞ்சி வட்டாரத்து ஊர்களிலிருந்து நம் மருத்துவமனைக்கு வந்து நாள்கணக்கில் தங்குவோருள், இளைஞர் பலர் கைப்பேசியில் வண்டியோட்டிக்கொண்டிருப்பதை வார்டுகளின் வழியே நடப்பவர் எவரும் காணலாம். அது பந்தயம் அன்று. சேறும் பாறையும் ஓடையும் நிறைந்து, பாதை என்று ஒன்றில்லாத காட்டுநிலத்தில் ஒரு ஜீப்பையோ லாரியையோ மெல்ல நகர்த்திச் செல்லும் விளையாட்டு. உடனிருக்கும் தாய்க்கோ மனைவிக்கோ இது பிடிப்பதில்லை. "வண்டியில விழுந்துதானடா இங்க வந்து கெடக்குற, இன்னும் என்ன வண்டி?" என்ற குரல் எலும்பு முறிவுப் பிரிவில் அவ்வப்போது எழுகிறது. கைப்பேசியைப் பிடுங்கித் தம் பைக்குள் வைத்துக்கொள்வோரும் உளர். செவிலியரிடம் வந்து, "நீங்களாவது சொல்லுங்கள்" என்று முறையிடுவோரும் உளர்.

இதுபற்றி எங்கள் கருத்தை மறைக்காமல் கூறிவிடுகிறோம். அதைப் பிடுங்க வேண்டாம். சில நோயாளிகளுக்குச் சில வேளைகளில் அது ஆகாது. அவற்றைப் பின்னர் சொல்கிறோம். ஆனால் "நோயாளிக்கு எதற்கு விளையாட்டு" என்ற எண்ணத்தை மட்டும் காரணமாகக் கொண்டு தடுப்பது, ஏற்கெனவே பலவற்றை இழந்து கிடப்பவரிடமிருந்து இன்னும் ஒன்றைப் பறிப்பதாகும்.

முதலில் அவ்விளையாட்டு யாதென அறிவோம். 2014இல் வந்த ஸ்பின்டயர்ஸ், 2017இல் வந்த மட்ரன்னர், 2020இல் வந்த ஸ்னோரன்னர் ஆகியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அதே வரிசையில் 2024 மார்ச்சில் எக்ஸ்பெடிஷன்ஸ் என்ற விளையாட்டு வெளிவந்தது. பெரும்பாலானவை கணினிக்கும் விளையாட்டுக் கருவிகளுக்கும் உரியவை. மட்ரன்னர் கைப்பேசிக்கும் வந்துள்ளது. இவற்றைப் போன்ற இலவச விளையாட்டுகளும் கைப்பேசிகளில் பல உண்டு.

எக்ஸ்பெடிஷன்ஸ் விளையாட்டில் அமெரிக்காவின் அரிசோனா பாலைநிலத்திலும் ஐரோப்பாவின் கார்பேத்திய மலைக்காடுகளிலும் ஆய்வுப் பயணம் செல்லவேண்டும். ஆற்றைக் கடக்குமுன் நீரின் ஆழத்தை அளந்து பார்க்கலாம். சேற்றில் இறங்குமுன் டயரின் காற்றைக் குறைத்துக்கொள்ளலாம். காற்றுக் குறைந்த டயர் அகன்று படிவதால் மென்மையான நிலத்தில் பிடிப்புக் கூடும். சக்கரம் புதைந்துவிட்டால் முன்புறத்து வின்ச் கம்பியை ஒரு மரத்தில் மாட்டி வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும். மரமே இல்லாத வெளியானால் நிலத்தில் நங்கூரம் அடித்து அதில் கம்பியைப் பூட்டவேண்டும். இத்தனைக்கும் எரிபொருள் கரைந்துகொண்டே இருக்கும். அரைமணி நேரம் ஆடி நூறு அடி நகர்ந்தவர்களும் உண்டு; அவர்கள் அதற்காக மகிழ்ந்தும் இருக்கிறார்கள்.

பனமலையில் ஏறியவர்களுக்கு இம்மகிழ்ச்சி புரியாத ஒன்றன்று. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் தாளகிரீசுவரர் கோயிலை எழுப்பிய அந்தக் குன்றில், படியைவிட்டு விலகிப் பாறைமேல் கால்வைக்கும் எவரும் அடுத்த அடியை எங்கே வைப்பது என்று ஒருகணம் நின்று பார்த்தே வைக்கிறார். செஞ்சியின் இராசகிரியோ ஏறத்தாழ 800 அடி உயரம். உச்சியை நெருங்கும் இடத்தில் ஒரு பெரும் பாறைப் பிளவைப் பாலத்தின்மேல் கடந்தாக வேண்டும். கோட்டை கட்டியவர்கள் நிலத்தைப் படித்தவர்கள். எந்த இடத்தில் ஏறுபவனின் மூச்சு வாங்கும், எந்த இடத்தில் பகைவன் தயங்கி நிற்பான் என்பதை அறிந்தே வாயில்களை வைத்தனர். நிலத்தைப் படிக்கும் அந்தப் பழக்கத்தைத்தான் இவ்விளையாட்டும் கேட்கிறது. 1714இல் போரில் மடிந்த தேசிங்குராசனை நம் கதைப்பாடல்கள் முரட்டுக் குதிரையை அடக்கிய வீரனாகப் போற்றுகின்றன. அந்த வேகத்தோடு இங்கே ஓடையில் இறங்கினால் வண்டி கவிழும். அது மட்டும் உறுதி.

இனி எங்கள் கருத்தின் அடிப்படைக்கு வருகிறோம்.

மருத்துவமனையில் சேர்ந்த நாள்முதல் ஒருவர் எவற்றையெல்லாம் தாமே முடிவு செய்ய இயலாமற் போகிறது என்பதை உடனிருப்போர் ஒருமுறை எண்ணிப்பார்க்க வேண்டும். விழிக்கும் நேரம், விளக்கணைக்கும் நேரம், உணவின் அளவு, அதன் உப்பு எல்லாம் பிறர் கையில். தொடையெலும்பு முறிந்து எடைகட்டிக் கிடப்பவர் புரண்டு படுக்கவும் ஒருவரை அழைக்கவேண்டும். சிறுநீரகம் செயலிழந்தவர் ஒரு குவளைத் தண்ணீருக்கும் கணக்குச் சொல்லவேண்டும். எங்கள் மருத்துவரும் செவிலியரும் நன்மைக்காகவே இவற்றை வகுக்கின்றனர். எனினும் ஆடு மேய்த்தவரும் ஆட்டோ ஓட்டியவரும் கொத்தனாரும் நேற்றுவரை தம் வழியைத் தாமே தேர்ந்தவர்கள். அவர்களிடம் இன்று எவரும் "இப்படிப் போகலாமா, அப்படிப் போகலாமா?" என்று கேட்பதில்லை. கைப்பேசித் திரையில் ஓடும் அந்த ஓடை கேட்கிறது. இவ்விடத்தில் கடப்பதா, சுற்றிக்கொண்டு மேட்டு வழியாகப் போவதா என்பதை அவரே தீர்மானிக்கிறார். தவறினால் வண்டி சாய்கிறது. ஒருவரும் அவரைக் கடிந்துகொள்வதில்லை. வண்டியை மீட்டு மறுபடியும் தொடங்குகிறார். முடிவெடுக்கும் அந்தச் சிறு உரிமை நாள் முழுவதும் வேறெங்கும் கிட்டாதவருக்கு அது எவ்வளவு பெரிது என்பதை நலமாய் நடமாடுவோர் உணர்வது கடினம்.

சேற்றில் சிக்கிய வண்டியையும் நோயில் சிக்கிய உடலையும் ஒப்பிட்டுப் பாடம் சொல்வோர் சிலர் உண்டு. நாங்கள் அவ்வளவு தூரம் செல்ல விரும்பவில்லை. விளையாடுகிறவருக்கு அது விளையாட்டாகவே இருக்கட்டும்.

விளையாட்டு வலியை மறக்கச்செய்யுமா என்று கேட்போருக்கு மருத்துவ உலகம் தந்துள்ள விடைகளுள் இரண்டைக் கூறலாம். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் ஆகியோர் தீக்காயமுற்றோருக்கென ஸ்னோவேர்ல்டு என்றோர் உலகை உருவாக்கினர். காயத்துக்கு மருந்திடும் கொடிய வேளையில் நோயாளி தலையில் அணிந்த கருவியின்வழி பனிப்பள்ளத்தாக்கு ஒன்றில் மிதந்துசெல்வார். பனிமனிதர்மேல் பனியுருண்டைகளை எறிவார். மனத்தின் கவனம் ஓரளவுக்குட்பட்டது. அதன் பெரும்பகுதி பனியில் செலவானால் வலிக்கு எஞ்சுவது குறையும் என்பது அவர்கள் கண்ட வழி. அவ்வாறே வலி குறைந்ததாக நோயாளிகளும் கூறினர். மற்றொன்று ரீமிஷன் என்ற விளையாட்டு. புற்றுநோயுற்ற இளையோர் 375 பேரிடம், மூன்று நாடுகளின் 34 மருத்துவ மையங்களில் நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. அவ்விளையாட்டை ஆடியவர்கள் தமக்குரிய மருந்துகளை மேலும் ஒழுங்காக உட்கொண்டனர் என்பது அதன் முடிவு. இவையிரண்டும் சிகிச்சைக்கென்றே செய்யப்பட்டவை. ஆகவே சேற்றில் லாரி ஓட்டினால் வலி மாத்திரை வேண்டாம் என்று எவரும் பொருள்கொள்ளலாகாது. விளையாட்டும் நோயாளியும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணம் தவறு என்பதற்கு மட்டுமே இவற்றைச் சுட்டுகிறோம்.

"அடிமையாகிவிடுவான்" என்பது அடுத்த அச்சம். 2022 ஜனவரிமுதல் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில் விளையாட்டு அடிமைநிலை ஒரு நோயாக இடம்பெற்றுள்ளது உண்மையே. ஆனால் அதன் இலக்கணம் கடுமையானது. விளையாட்டைக் கட்டுப்படுத்த இயலாமை, பிற கடமைகள் அனைத்துக்கும் மேலாக அதை வைத்தல், கேடு விளைந்த பின்னரும் தொடர்தல் ஆகிய மூன்றும், பொதுவாக ஓராண்டளவேனும் நீடித்திருக்கவேண்டும். செயற்பாடு ஏதுமின்றிப் பத்து நாள் படுத்திருப்பவர் பத்து நாளும் விளையாடுவது அடிமைநிலை அன்று. வீடு திரும்பி உடல்தேறி வேலைக்கோ பள்ளிக்கோ போகவேண்டிய காலத்தும் அதையே பற்றிக்கிடந்தால், அப்போது தயங்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.

குடும்பத்தாரின் பக்கம் நாங்கள் உறுதியாக நிற்கும் இடங்களும் உண்டு. இயன்முறை மருத்துவர் எழுந்து நிற்கச் சொல்லும் நேரத்தில், "இந்த மேட்டை ஏறிவிட்டு வருகிறேன்" என்பது செல்லாது. அறுவைக்குப் பின் அசையாது கிடந்தால் கால் நரம்புகளில் இரத்தம் உறையும். அந்த உறைகட்டி நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே கேடு. வண்டி நின்ற இடத்திலேயே நிற்கட்டும். டயாலிசிஸ் செய்துகொள்வோர் நான்கு மணிநேரம் ஓரிடத்தில் இருக்கவேண்டியவர்கள், அவர்களுக்கு இவ்விளையாட்டு நல்ல துணை. ஆயினும் ஊசி ஏற்றியிருக்கும் ஃபிஸ்டுலாக் கையை அசைக்கலாகாது. மற்றக் கையால் மட்டும் ஆடமுடிந்தால் ஆடலாம், இல்லையேல் பிறர் ஆடப் பார்க்கலாம். மணிக்கட்டில் சொட்டுமருந்துக் குழாய் உள்ளவர்க்கும் இதுவே. புற்றுநோய் மருந்தேற்றிக் குமட்டலோடு இருப்பவருக்குக் குலுங்கி ஆடும் திரை குமட்டலை மிகுவிக்கும், அன்று வேண்டாம். வலிப்பு நோயுள்ளோர், தலையில் அடிபட்டோர், கண் அறுவை செய்துகொண்டோர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் தொடங்கக்கூடாது. இரவு விளக்கணைத்த பின் எவருக்கும் வேண்டாம். என்ஜின் உறுமும் ஒலியைக் காதுக்கருவிக்குள் அடக்கிக்கொள்வது பக்கத்துக் கட்டிலுக்கு நாம் தரும் மரியாதை.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். இலவச விளையாட்டுகளின் நடுவே விளம்பரம் வரும். அவ்விளம்பரங்களுள் சில பணம் கட்டி ஆடும் ஆட்டத்துக்கு அழைக்கும். அத்தகைய இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தடைசெய்துள்ளது. வலியிலும் மருந்து மயக்கத்திலும் இருப்பவர் விரல் எதையும் தொட்டுவிடக்கூடும். ஆதலின் மருத்துவச் செலவுக்கு வைத்த பணம் உள்ள கைப்பேசியில் விளையாடாமல் இருப்பது நலம். வேறு கைப்பேசி இல்லையெனில் பணம் அனுப்பும் செயலியை அந்நாள்களில் நீக்கிவிடலாம்.

இனி உடனிருப்போரிடம் ஒரு வேண்டுகோள். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சற்று நேரம் அந்தத் திரையைப் பாருங்கள். மகனுக்குச் சேறு என்பது விளையாட்டு. நடவுக்கு முன் தொளி ஓட்ட டிராக்டரில் கேஜ் வீல் பூட்டி வயலில் இறங்கிய தந்தைக்கு அது தொழில். சக்கரம் சுழன்று புதையும்போது மேலும் முடுக்குவது பேதைமை என்பதை எந்த விளையாட்டும் கற்பிக்குமுன் அவர் அறிந்தவர். "பின்னால் எடு, வலப்பக்கம் கெட்டித்தரை இருக்கிறது" என்று அவர் சொல்லிவிட்டால், மூன்று நாளாகச் சாப்பிட்டாயா, மருந்து குடித்தாயா என்பதற்குமேல் நீளாத பேச்சு அங்கே நீளத் தொடங்கும். ஸ்னோரன்னரில் நால்வர் வரை சேர்ந்து ஆடலாம். ஒருவர் வண்டி சிக்கினால் மற்றவர் எரிபொருளோ இழுவைக் கம்பியோ கொண்டுவருவார். வீட்டிலிருக்கும் தம்பியோ நண்பனோ கணினியில் அதை ஆடுபவரெனில், கட்டிலில் இருப்பவர் மடிக்கணினி வழியே அவர்களுடன் சேர்ந்துகொள்ளலாம். பார்வையாளர் நேரம் முடிந்த பின்னும் தொடரக்கூடிய ஒரே சந்திப்பு அதுதான்.

மனைவியரையும் தாயரையும் குறித்து இன்னொன்று. நோயாளியைப் போலவே நீங்களும் நாள்கணக்கில் ஒரு நாற்காலியில் அடைபட்டிருக்கிறீர்கள். அவர் உறங்கும் வேளையில் அதே வண்டியை நீங்கள் எடுத்து ஓட்டிப்பார்த்தால் எங்களில் எவரும் ஒன்றும் நினைக்கமாட்டோம்.

வீடு திரும்பும் நாளில், "பனமலைக்கு ஏறலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கால் எலும்பு முறிந்தவர்க்கு விடை எக்ஸ்ரே படத்தில்தான் இருக்கிறது. எலும்பு கூடியதை மருத்துவர் கண்டு, முழு எடையையும் ஊன்றலாம் என்று சொன்ன பின்னரே படிகள். அதற்குமுன் மலையடியில் ஏரிக்கரை வரை போய்வர ஆசையிருந்தால், ஊன்றுகோலோடு எவ்வளவு தூரம், நாளுக்கு எத்தனை முறை என்பதை இயன்முறை மருத்துவரிடம் கேட்டு, வெளியேறும் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.