சாரி கார்டு யாருக்காக?

மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தை ஒட்டி இடப்புறத்தில் கம்பிகளாலான தடுப்பு ஒன்று இருக்கும். சாரி கார்டு என்பார்கள். செயினின் மேல் இருக்கும் உறை செயின் கவர். புதிய வண்டி வீட்டுக்கு வந்த சில வாரங்களிலேயே இவற்றைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுவது இளைஞர் பலருக்கு வழக்கமாகிவிட்டது. காரணம் கேட்டால், “வண்டி பார்க்க நன்றாக இல்லை, டாக்டர்” என்கிறார்கள். வண்டியின் அழகைப் பற்றி அறுவை மருத்துவன் வழக்காடுவது பொருந்தாது. ஆனால் கழற்றுபவர் முன்னிருக்கையில் அமர்கிறார். காயப்படுபவர் பின்னிருக்கையில் அமர்கிறார். தம் உடலுக்கு நேராத ஆபத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை அவருக்கு இல்லை என்பதே என் கருத்து.

இந்தத் தடுப்பு கடைக்காரர் விருப்பத்துக்குச் சேர்த்துத் தரும் பொருளன்று. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி அதை வலியுறுத்துகிறது. பின்னால் ஒருவர் அமரக்கூடிய வண்டியில் கைப்பிடி, கால் வைக்கும் இடம், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் காப்பு ஆகிய மூன்றும் இருந்தாக வேண்டும். பின்னால் அமர்பவரின் உடை சக்கரத்தில் சிக்கக் கூடாது என்று காரணத்தையும் விதியே சொல்லிவிடுகிறது. சட்ட வாசகங்களில் இவ்வளவு வெளிப்படையான அக்கறையைக் காண்பது அரிது.

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டியின் பின்சக்கரம் ஒரு நொடியில் ஐந்து முறைக்கு மேல் சுழல்கிறது. துப்பட்டாவின் நுனி அதில் பட்டுவிட்டால் துணி முழுவதும் உள்ளே போக ஒரு நொடிகூடத் தேவையில்லை. “ஐயோ” என்ற குரல் ஓட்டுபவரின் காதில் விழுந்து அவர் பிரேக்கை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சேலையானால் இடுப்போடு இழுத்துப் பின்புறமாகத் தள்ளும். பிடரி தரையில் மோதும். கழுத்தைச் சுற்றிய துப்பட்டாவானால் அது சுருக்குக் கயிறாகிவிடும். நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927இல் பிரான்சின் நீஸ் நகரில் இறந்தது இவ்வாறுதான். அங்கே அது காரின் சக்கரம். நம் ஊரில் பெண்கள் ஒருபக்கமாக அமரும்போது கால்களும் முந்தானையும் இடப்புறமே இருக்கின்றன. பெரும்பாலான வண்டிகளில் செயினும் அதே பக்கம்தான்.

குழந்தைகளின் குதிகால் காயம் இதைவிட வஞ்சகமானது. பின்னால் அமரும் சிறு குழந்தையின் கால் மிதியடிக்கு எட்டாது, தொங்கிக்கொண்டே வரும். சற்றுக் கண்ணயர்ந்தால் பாதம் உள்நோக்கித் திரும்பி ஸ்போக்ஸ் கம்பிகளுக்கிடையே நுழைகிறது. சக்கரம் அதை இழுத்துக்கொண்டுபோய் வண்டியின் சட்டத்தோடு நசுக்குகிறது. முதல் நாள் பார்த்தால் சிராய்ப்பும் சிறு கிழிசலுமாகத்தான் தெரியும். தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான்கைந்து நாட்களில் அந்தத் தோல் கறுத்து இறந்துபோகும். அதன் அடியில் குதிகால் நாண் வெண்மையாகத் தெரியத் தொடங்கும். நசுங்கியபோதே தோலுக்கு வரும் இரத்தக் குழாய்கள் சிதைந்துவிட்டன என்பது அப்போதுதான் வெளிப்படுகிறது. உறையிழந்த நாணின் மேல் தோல் ஒட்டு பிடிக்காது. அருகிலிருந்து இரத்த ஓட்டத்தோடு சதையையும் தோலையும் திருப்பி வைத்து மூட வேண்டியிருக்கும். உடலின் எடையைத் தாங்குவதற்கென்றே அமைந்த குதிகால் தோலுக்கு நிகரான தோல் உடலில் வேறெங்கும் ஏறக்குறைய இல்லை. ஆகவே சக்கரத்தில் சிக்கிய கால் எவ்வளவு சிறிய காயமாகத் தோன்றினாலும் இரண்டு நாளுக்கொரு முறை மருத்துவரிடம் காட்டுங்கள். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பட்டையால் ஓட்டுநரோடு பிணைக்க வேண்டும், வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக் கூடாது என்று 2022இல் வந்த திருத்தம் கூறுகிறது. நல்ல விதி. ஆனால் பட்டை உடலைப் பிடிக்கும். தொங்கும் காலைப் பிடிக்காது. அதற்குச் சக்கரத்தின் மறைப்புதான் வேண்டும். கணுக்கால் வரை மூடிய காலணியும் உதவும்.

ஓட்டுபவரே காயப்படும் வகை ஒன்று உண்டு. செயின் கவரை எடுத்துவிட்டால் தூசியும் சேறும் செயினில் அப்பும். அடிக்கடி துடைக்க வேண்டிவரும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, துணியால் துடைக்கிறார்கள். துணியைச் செயின் பற்றி இழுக்க, விரலும் பல்சக்கரத்துக்குள் போய்விடுகிறது. கத்தியால் வெட்டுண்ட விரலைப் பொருத்துவது போல இதைப் பொருத்துவது எளிதன்று. எலும்பும் நரம்பும் நசுங்கிக் கிடக்கும். ஆயினும் துண்டான விரலைத் தூர எறிந்துவிடாதீர்கள். தூய நீரில் அலசி, ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் உறையிலிட்டு நன்கு மூடி, அந்த உறையைப் பனிக்கட்டியின் மேல் வைத்து உடனே கொண்டுவாருங்கள். விரல் பனிக்கட்டியில் நேரடியாகப் படக் கூடாது. துடைக்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுழற்றினால் இவை எதற்கும் அவசியமே நேராது.

தடுப்பு கடகடவென ஒலிக்கிறது என்று சிலர் குறைப்படுகிறார்கள். போல்ட்டை இறுக்கினால் அந்த ஒலி நின்றுவிடும். செயினின் தளர்ச்சியைப் பார்க்க முடியவில்லை என்பது இன்னொரு குறை. முழு உறை உள்ள வண்டிகளில் அதற்கென்றே ரப்பர் மூடியிட்ட துளை இருக்கிறது.

இம்மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவோரில் பலர் மகனின் அல்லது தம்பியின் வண்டியில்தான் ஏறிப் போகிறார்கள். ஒரு கையில் மருந்துப் பை, மறு கையில் எக்ஸ்ரே உறை. முந்தானையைச் செருகிக்கொள்ளக் கை மிச்சமிருக்காது. வாயிலில் வண்டியில் ஏறுமுன் அதன் இடப்புறத்தை ஒருமுறை பாருங்கள். தடுப்பு இல்லையென்றால் அன்றைக்கு ஆட்டோவில் போங்கள். கழற்றியது எங்கே கிடக்கிறது என்று பிள்ளையிடம் கேளுங்கள். பரணிலிருந்து எடுத்து மாட்டப் பட்டறைக்காரருக்குச் சில நிமிடங்கள் போதும்.