ஓட்டுக்கு விலை, விஷத்துக்கு?

தூத்துக்குடி விசைப்படகு வலையில் மீனோடு சேர்ந்து கூம்பு நத்தையும் ஏறி வரும். ஐஸ்கிரீம் கோன் போன்ற வடிவம், மேலே அழகான புள்ளியும் கோடும். சங்கு, சிப்பி விற்கும் கடைகளில் ஓட்டுக்கு விலை உண்டு. உள்ளே இருக்கும் விஷத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. இது பெரிய நஷ்டம்.

எப்படி என்று கேட்கிறீர்களா? கையைத் தூக்க நினைத்தால் மின்துடிப்பு ஒன்று நரம்பின் முனை வரை வரும். நரம்புக்கும் தசைக்கும் நடுவே ஒரு மிகச் சிறிய இடைவெளி. துடிப்பு அதைத் தாண்டாது. அது செய்வதெல்லாம் நரம்பு முனையில் இருக்கும் கால்சியம் வாசல்களைத் திறப்பதுதான். கால்சியம் உள்ளே பாய்ந்ததும் அசிட்டைல்கோலின் அடைத்த குட்டிப் பைகள் சவ்வோடு ஒட்டித் திறந்து, ரசாயனத்தை வெளியே கொட்டும். தசை சுருங்கும். எல்லாம் ஓரிரு மில்லிசெகண்டில்! ரசாயனம் இப்படிப் பொட்டலம் பொட்டலமாகத்தான் வெளியேறும் என்று தவளைத் தசையில் காட்டிய பெர்னார்ட் காட்ஸுக்கு 1970 நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

மீன் தின்னும் கூம்பு நத்தைகளின் விஷத்தில் இந்தக் கால்சியம் வாசலையே அடைக்கும் பொருள் இருக்கிறது. வாசல் அடைத்தால் பை திறக்காது, தகவல் போகாது. அப்படி ஒரு பொருளிலிருந்து வந்ததுதான் ஜிக்கோனோடைட். வேறு மருந்துக்கு அடங்காத கடும் வலிக்கு, தண்டுவடத்தைச் சுற்றிய நீரில் பம்பு வழியாகச் செலுத்துகிறார்கள். பக்க விளைவுகள் உண்டு. ஆனால் மார்ஃபின் போல அடிமையாக்காது. அமெரிக்கா 2004-ல் அனுமதித்தது.

இதன் பின்னால் இருந்தவர் பிலிப்பைன்ஸ்காரரான பால்டொமெரோ ஒலிவெரா. அவர் எடுத்துக்கொண்டது தன் ஊர்க் கடல் நத்தையைத்தான். அவருடைய ஆய்வகத்தில் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்த மைக்கேல் மெக்கின்டோஷ் அப்போது ஒரு கல்லூரி மாணவர்!

இங்கே யாருமே பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. கே.எஸ். கிருஷ்ணன், பி. பலராம் போன்றவர்கள் தமிழ்நாட்டுக் கடற்கரை நத்தைகளின் விஷத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் தூத்துக்குடி மாணவர் இந்தப் பாடத்தைத் தவளைப் படத்தை வைத்தே படித்து, பரீட்சை எழுதி, மறந்துவிடுகிறார். பாடத்தின் உயிருள்ள உதாரணமோ பக்கத்து மீன்பிடித் துறைமுகத்தில் கிடக்கிறது.

உயிருள்ள நத்தையைக் கையால் தொடக் கூடாது என்பதும் பாடத்தில் வர வேண்டும். ஜியோகிராபஸ் என்ற வகை ஆளையே கொல்லும், மாற்று மருந்து கிடையாது. சங்கு குளிப்பவர்களுக்கு இது உயிர் பிரச்சினை.

முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றது. முத்தின் அருமையை ஊர் இன்றும் பேசுகிறது. நத்தையின் அருமையையாவது, அது கடலில் இருக்கும்போதே பேசினால் நல்லது.