மாவுப் பெட்டியும் மைதாவும் முட்டையும்

அமெரிக்காவிலோ கனடாவிலோ குடியிருக்கும் பிள்ளைகளிடம் ஐந்தாறு மாதம் தங்கிவரப் புறப்படும் முன், நோயாளிகள் பலர் எங்கள் சிறுநீரகப் பிரிவுக்கு வருகின்றனர். மருந்துச் சீட்டு, பயணக் காப்பீட்டுக்கான கடிதம், குளிரை உடல் தாங்குமா என்ற ஐயம் ஆகிய அனைத்தையும் முறையாகக் கேட்டுத் தெளிகின்றனர். அங்கே காலையில் என்ன உண்பது என்பதை மட்டும் ஏறத்தாழ எவரும் கேட்பதில்லை. "இட்லி மாவு அங்கேயும் கிடைக்கிறது, டாக்டர்" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. பேரக்குழந்தைகள் உள்ள வீடுகளில் சனி, ஞாயிறு காலைகளில் பெரும்பாலும் சுடப்படுவது பான்கேக். வேலைநாள் காலைகளில் பாலும் தானியச் சீவலும் போதும்; விடுமுறைக் காலையில்தான் குடும்பம் ஒன்றாக அமர்கிறது. தாத்தாவும் பாட்டியும் அந்த மேசையில்தான் இருக்க விரும்புவர்.

பான்கேக்கை இரு வழிகளில் செய்யலாம். கடையில் வாங்கிய மாவுக் கலவையில் தண்ணீர் ஊற்றிக் கலக்குவது ஒன்று. மைதா, முட்டை, பால் ஆகியவற்றை வீட்டிலேயே அளந்து கலப்பது மற்றொன்று. நல்ல உடல்நலம் உள்ளவர்கள் எந்த வழியைக் கொண்டாலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர், குறிப்பாக டயாலிசிஸ் செய்துகொள்பவர், தங்கியிருக்கும் வீட்டில் அந்த மாதங்களுக்குப் பெட்டியை ஒதுக்கிவிட்டு மைதாவிலிருந்து தொடங்க வேண்டும் என்பதும், வீட்டார் அனைவரும் அதையே உண்ண வேண்டும் என்பதும் என் கருத்து.

இந்தப் பெட்டியின் வரலாற்றில் ஒரு முரண் உண்டு. ஈஸ்ட் ஒவ்வாத தம் மனைவிக்காக ஈஸ்ட் இல்லாமல் மாவை உப்ப வைக்கும் பொடியை 1843-இல் உருவாக்கினார் இங்கிலாந்தின் ஆல்பிரட் பேர்ட். இன்றைய பேக்கிங் பவுடரின் முன்னோடி அது. 1856-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் எபென் ஹார்ஸ்ஃபோர்டு அத்தகைய பொடிக்குரிய அமிலமாகக் கால்சியம் பாஸ்பேட்டைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்தப் பாஸ்பேட் தொடக்கத்தில் எலும்பிலிருந்து எடுக்கப்பட்டது. 1889-இல் மிசூரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப் நகரில், மாவையும் உப்பையும் இந்த வகைப் பொடியையும் ஒன்றாகக் கலந்த ஆயத்த மாவு விற்பனைக்கு வந்தது. ஒரு நோயாளிக்காகத் தோன்றிய பொருள், வேறொரு வகை நோயாளிக்கு இன்று இடையூறாக நிற்கிறது.

இடையூறு பாஸ்பரஸில் இருக்கிறது. சாதாரண மைதா 100 கிராமில் ஏறத்தாழ 100 மில்லிகிராம் பாஸ்பரஸ் உள்ளது. உப்ப வைக்கும் பொடி கலந்து விற்கப்படும் மாவில் அது 600 மில்லிகிராமை நெருங்கும். சோடியமோ சாதாரண மைதாவில் இல்லையென்றே சொல்லலாம். பொடி கலந்த மாவில் 100 கிராமுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் பரிந்துரைக்கும் வரம்பு 2,000 மில்லிகிராமுக்கும் குறைவு என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

அளவைக் காட்டிலும் முக்கியமானது உடல் அதை ஏற்கும் விதம். பருப்பிலும் தானியத்திலும் இயற்கையாக உள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதி பைட்டேட் என்னும் வடிவில் கட்டுண்டு கிடக்கிறது. அதைப் பிரிக்கும் நொதி மனிதக் குடலில் போதிய அளவில் இல்லாததால், ஏறத்தாழ பாதியோ அதற்கும் குறைவோதான் இரத்தத்தில் சேர்கிறது. பொடியாகச் சேர்க்கப்படும் பாஸ்பேட்டோ கிட்டத்தட்ட முழுவதுமே உறிஞ்சப்படுகிறது. நலமான சிறுநீரகம் மிகையானதை வெளியேற்றிவிடும். பழுதுற்ற சிறுநீரகத்தால் அது இயலாது. டயாலிசிஸாலும் ஓரளவுக்கே இயலும். எஞ்சுவது உடலில் தங்கி எலும்பிலிருந்து சுண்ணாம்பை இழுக்கிறது, இரத்தக் குழாய்களின் சுவரில் சுண்ணாம்பைப் படிய வைக்கிறது, இரவெல்லாம் தூங்கவிடாத அரிப்பைத் தருகிறது. அரிப்பு வந்தால் நோயாளி சோப்பை மாற்றுகிறார், எண்ணெயை மாற்றுகிறார். காலை உணவை ஐயுறுவதில்லை.

அமெரிக்கச் சட்டப்படி உணவுப் பெட்டியின் சத்துப் பட்டியலில் சோடியமும் பொட்டாசியமும் கட்டாயம் இடம்பெற வேண்டும், பாஸ்பரஸ் கட்டாயமில்லை. ஆகவே எண்களில் தேடிப் பயனில்லை. சேர்மானப் பட்டியலில் 'பாஸ்' என்னும் அசை வரும் சொல் உள்ளதா என்று பார்க்க வேண்டும்: மோனோகால்சியம் பாஸ்பேட், சோடியம் ஆசிட் பைரோபாஸ்பேட், சோடியம் அலுமினியம் பாஸ்பேட். ஐரோப்பாவில் இவற்றுக்கு மாற்றாக ஆங்கில 'ஈ' எழுத்துடன் 341, 450, 541 என்னும் எண்கள் மட்டும் அச்சிடப்பட்டிருக்கலாம். ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய பேரனிடம் இந்தத் தேடலை ஒப்படையுங்கள். நம்மைவிட விரைவாகக் கண்டுபிடித்துவிடுவான்.

வீட்டில் கலப்பதாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். வீட்டு மாவிலும் பேக்கிங் பவுடரைக் கொட்டினால், வகையைப் பொறுத்து ஒரு தேக்கரண்டிக்கு 100 முதல் 400 மில்லிகிராமுக்கு மேல்கூடப் பாஸ்பரஸ் சேரும். பாஸ்பேட் இல்லாத பொடி வேண்டுமெனச் சிலர் கிரீம் ஆஃப் டார்டரை நாடுகின்றனர். அதன் ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 500 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். டயாலிசிஸ் நோயாளிக்கு அது வேண்டவே வேண்டாம்.

பொடியே தேவைப்படாத பான்கேக்குகள் உலகில் ஏராளம். பிரெஞ்சுக்காரரின் கிரெப், ஆங்கிலேயர் தவக்காலத்துக்கு முந்திய செவ்வாயன்று சுடும் மெல்லிய பான்கேக் ஆகியவற்றில் உப்ப வைக்கும் பொருள் எதுவும் கிடையாது. 100 கிராம் மைதா, இரண்டு முட்டை, 300 மில்லிலிட்டர் பால். நம் நோயாளிகளுக்குப் பாலில் பாதியைத் தண்ணீராக மாற்றி உப்பைத் தவிர்த்தால் போதும். அரைமணி நேரம் ஊறவைத்து, எண்ணெய் தடவிய சட்டியில் மெல்லியதாகப் பரப்பிச் சுட வேண்டும். ஏழெட்டு கிடைக்கும். தோசை வார்த்துப் பழகிய கைக்கு இது புதிய வித்தையன்று. தடித்துப் பஞ்சுபோல வேண்டும் என்று குழந்தைகள் அடம்பிடித்தால், வெள்ளைக் கருவைத் தனியே நுரைக்க அடித்துக் கெட்டியான மாவில் மெதுவாகச் சேர்க்கலாம். முட்டை உண்ணாதவர்க்கு மொராக்கோ நாட்டின் பக்ரீர் இருக்கிறது: ரவையும் சிறிது ஈஸ்ட்டும் கொண்ட மாவைப் புளிக்கவிட்டு ஒருபுறம் மட்டும் சுடுவது. மேலெங்கும் கண் கண்ணாகத் துளைவிட்டு, நம் ஆப்பத்தின் உறவு போலவே இருக்கும். மேலே வைக்க நீலநெல்லி எனப்படும் புளூபெர்ரி நல்லது. வாழைப்பழம் பொட்டாசியம் மிகுந்தது. நீரிழிவும் உள்ளவர்க்குச் சர்க்கரைப் பாகு வேண்டாம்.

இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானது. பெட்டியை வாங்கும் மகளையோ மருமகளையோ குறைகூற எனக்கு மனமில்லை. அந்த ஒரு காலையாவது அவர்கள் சற்றுக் கூடுதலாக உறங்க வேண்டியவர்கள். ஆகவே மாவைக் கலக்கும் பணியைத் தாத்தாவோ பாட்டியோ ஏற்கட்டும் என்கிறேன். அடுக்களையில் மாமியார் நுழைவது வேறு சிக்கல்களை உண்டாக்கலாம். அதற்கு மருந்து எழுதும் துறை என்னுடையதன்று. ஆனால் நோயாளிக்கு மட்டும் தனிக் கிண்ணத்தில் கஞ்சி வைத்துவிட்டு மற்றவர்கள் பான்கேக் உண்பதை நான் ஏற்பதில்லை. தனித்து உண்ண வைக்கப்பட்டவர் மூன்றாம் வாரத்தில் கட்டுப்பாட்டை முழுவதுமாகக் கைவிடுகிறார். திரும்பி வந்தபின் எடுக்கும் பரிசோதனையில் அது தெரிகிறது.

இந்தியக் கடைகளில் கிடைக்கும் உடனடி ரவா இட்லி, தோசை, வடைக் கலவைகளுக்கும் இதே விதி பொருந்தும். அவற்றில் சோடாவும் உப்பும் தாராளம். ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவில் மட்டும் சுமார் 1,250 மில்லிகிராம் சோடியம் உண்டு. குளிர்நாட்டில் மாவு புளிக்காது என்பவர்கள், அடுப்பை மூட்டாமல் அதன் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்துப் பார்க்கலாம்.

பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் மாத்திரை உட்கொள்பவர்கள் அதைப் பான்கேக்குடனேயே உட்கொள்ள வேண்டும். காலை பத்து மணிக்கு நினைவு வந்து விழுங்கினால் பயனில்லை.

ஊர் திரும்பும்போது பேரக்குழந்தைகளின் நினைவாகப் பாதி தீர்ந்த மாவுப் பெட்டியையும் சிலர் பெட்டியில் வைத்துக்கொண்டு வருகின்றனர். நம் ஈரக்காற்றில் திறந்த மாவில் நுண்ணிய தூசிப்பேன்கள் பெருகும். ஒவ்வாமை உள்ளவர் அதை உண்டபின் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு வந்த நிகழ்வுகள் வெப்ப நாடுகளில் பதிவாகியுள்ளன. மருத்துவ நூல்களில் அதற்குப் பான்கேக்கின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. சுடும் வெப்பம் அந்த ஒவ்வாமைப் பொருளை அழிப்பதில்லை. கொண்டுவந்தே தீர வேண்டுமென்றால் காற்றுப் புகாத பாத்திரத்தில் அடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். அதை உண்ணும் பேரக்குழந்தைக்கு ஆஸ்துமா இருந்தால் கொண்டுவரவே வேண்டாம்.