காவலனா, கடைக்காரனா?

இளையாத்தங்குடி போன்ற செட்டிநாட்டு ஊர்களில், கடல் கடந்து வாழும் பிள்ளைகளின் முகத்தைப் பெற்றோர் கம்ப்யூட்டரில்தான் காண்கிறார்கள். ஆனால் அதைத் திறந்ததும், "வைரஸ் புகுந்துவிட்டது! உடனே பணம் கட்டுங்கள்!" என்று திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு முளைக்கிறது. மூடினால் மறுபடியும் வருகிறது.

பெரும்பாலும் இதற்குக் காரணம் வைரஸ் அல்ல. புதுக் கம்ப்யூட்டருடன் சில மாதம் இலவசமாக வந்த பாதுகாப்பு மென்பொருள், கெடு முடிந்ததும் சந்தா கேட்டு நச்சரிக்கிறது, இது வியாபாரம். "அறிவிப்பு அனுப்பலாமா?" என்று ஏதோ ஓர் இணையதளம் கேட்டபோது சம்மதித்திருந்தால், அங்கிருந்து பொய் எச்சரிக்கை வரும்; இது மோசடி.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வெளியிட்ட விதிகள் 13 தந்திரங்களைத் தடை செய்கின்றன. ஓயாத நச்சரிப்பும், பொய் வைரஸ் பயமும் அவற்றில் அடக்கம். சட்டம் வந்துவிட்டது, தொல்லை போகவில்லையே!

ஆகவே நாமே செய்ய வேண்டியது என்ன? கெடு முடிந்த மென்பொருளை நீக்கிவிடலாம். விண்டோஸிலேயே உள்ள டிஃபெண்டர் தனிக் கட்டணமின்றிக் காவல் காக்கும். பிரௌசரில் அந்த இணையதளத்துக்குத் தந்த அறிவிப்பு அனுமதியை ரத்து செய்யலாம். திரையில் தோன்றும் எண்ணுக்கு மட்டும் போன் செய்யலாகாது. பணம் போய்விட்டால் தாமதியாமல் 1930-ஐ அழைக்க வேண்டும்.

ஓயாமல் "புலி, புலி" என்று கூவினால், மெய்யான புலி வரும் நாளில் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? பொய் எச்சரிக்கையின் பெரிய கேடு அதுதான்.