முட்டுக்காட்டைச் சுற்றி இத்தனை யுனிவர்சிட்டி... லயோலா மட்டும் ஏன் இன்னும் ‘காலேஜ்’?

காலை நேரத்தில் ஈ.சி.ஆரில் முட்டுக்காடு பாலத்தைக் கடப்பவர்களுக்குத் தெரியும், எதிரும் புதிருமாக எத்தனை கல்லூரிப் பேருந்துகள் ஓடுகின்றன என்று. பாலத்துக்கு வடக்கே உத்தண்டியில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம், கானத்தூரில் அமெட். உப்பங்கழிக்கு மேற்கே படூரில் ஹிந்துஸ்தான், கேளம்பாக்கத்தில் செட்டிநாடு, அங்கிருந்து வண்டலூர் போகும் சாலையில் வி.ஐ.டி. சென்னை. தெற்கே காலவாக்கத்தில் ஷிவ் நாடார், பையனூரில் சாய் யுனிவர்சிட்டி. ஒரு பைக்கில் ஒரே நாளில் எல்லா கேட்டையும் பார்த்துவிட்டு வரலாம்.

ஆனால், தமிழ்நாட்டில் ‘நல்ல காலேஜ்’ என்றதும் பல வீடுகளில் முதலில் வரும் பெயர்கள் இந்த வரிசையில் இல்லை. லயோலா (1925), ஸ்டெல்லா மாரிஸ் (1947), திருச்சி செயின்ட் ஜோசப் (1844), பாளையங்கோட்டை செயின்ட் சேவியர் (1923). எல்லாமே கத்தோலிக்கத் துறவற சபைகள் நடத்துபவை. எல்லாமே இன்றைக்கும் ‘கல்லூரி’தான். அப்துல் கலாம் பி.எஸ்சி. முடித்த செயின்ட் ஜோசப்புக்கு 180 வயது தாண்டிவிட்டது. பையனூர் சாய் யுனிவர்சிட்டிக்கான சட்டமோ 2018-ல்தான் வந்தது. அது பல்கலைக்கழகம், இது கல்லூரி. ஏன் இப்படி?

பட்டம் யார் கொடுக்கிறார்கள்?

யு.ஜி.சி. சட்டப்படி பட்டம் கொடுக்கும் உரிமை பல்கலைக்கழகத்துக்கும், அந்தத் தகுதி பெற்ற நிகர்நிலை நிறுவனங்களுக்கும், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனங்களுக்கும் மட்டும்தான். கல்லூரி பாடம் நடத்தும், பல்கலைக்கழகம் பட்டம் கொடுக்கும். லயோலாவும் திருச்சி செயின்ட் ஜோசப்பும் 1978-லேயே தன்னாட்சி பெற்றவை. சிலபஸ் போடுவது, கேள்வித்தாள் எடுப்பது, பேப்பர் திருத்துவது எல்லாம் அவர்களே. ஆனாலும், லயோலா மாணவருக்குப் பட்டம் தருவது சென்னைப் பல்கலைக்கழகம். செயின்ட் ஜோசப் மாணவருக்கு பாரதிதாசன் பல்கலைக்கழகம்.

முட்டுக்காட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கு. பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் அங்கே இயங்குகிறது. மத்திய அரசு நிறுவனம், சிறப்புக் கல்வியில் பி.எட். உள்ளிட்ட படிப்புகள் உண்டு. பட்டம் தருவது மட்டும் அது இணைந்திருக்கும் பல்கலைக்கழகம்.

ஒரே காம்பவுண்டு, பல லெட்டர்ஹெட்

தமிழ்நாட்டில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே இணைப்பு முறை துறைவாரியாகப் பிரிந்து கிடக்கிறது. கலை, அறிவியல் என்றால் அந்தந்த வட்டாரப் பல்கலைக்கழகம். இன்ஜினீயரிங் என்றால் அண்ணா பல்கலைக்கழகம். பி.எட். என்றால் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். சட்டத்துக்கு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம், மருத்துவத்துக்கு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்.

லயோலா வளாகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கலை அறிவியல் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ். அதே வளாகத்தில் இருக்கும் இன்ஜினீயரிங் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ். கல்வியியல் கல்லூரிக்கு வேறொரு பல்கலைக்கழகம். மேலாண்மைப் படிப்புக்குப் பெயர்பெற்ற ‘லிபா’ தருவது பட்டம் அல்ல, முதுநிலை டிப்ளமோ. நடத்துபவர்கள் எல்லோரும் சேசு சபையினர்தான். ஆனால் காகிதத்தில் இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நிறுவனங்கள்.

பல்கலைக்கழகமாக இருந்தால் இவை எல்லாமே ஒரே நிறுவனத்தின் ‘ஸ்கூல்’கள் ஆகிவிடும். ‘ஸ்கூல் ஆஃப் லா’, ‘ஸ்கூல் ஆஃப் பிசினஸ்’ என்று போர்டில் பார்ப்போமே, அதேதான். ஒரு ஸ்கூலுக்குள் பல துறைகள், அவற்றுக்குத் தலைவராக ஒரு டீன். பொருளாதாரம் படிக்கிறவர் பக்கத்து ஸ்கூலில் டேட்டா சயின்ஸ் பேப்பர் எடுக்கலாம், கிரெடிட் கணக்கில் சேர்ந்துவிடும். ஒரு சின்ன எச்சரிக்கை: போர்டில் ‘ஸ்கூல்’ என்று இருப்பதாலேயே அது பல்கலைக்கழகம் ஆகிவிடாது. தன்னாட்சிக் கல்லூரிகளும் துறைகளை இப்படித் தொகுத்துப் பெயர் வைத்துக்கொள்கின்றன.

பெங்களூரில் நடந்தது

கர்நாடகத்தில் கதை வேறு. சி.எம்.ஐ. என்ற கத்தோலிக்க சபை 1969-ல் தொடங்கிய கிறைஸ்ட் காலேஜ், 2008-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. சட்டம், உளவியல், வணிகம், இன்ஜினீயரிங், ஆர்கிடெக்சர் என்று தனித்தனி ஸ்கூல்கள் வந்தன. பி.பி.ஏ.வும் சட்டமும் சேர்ந்த ஐந்தாண்டுப் படிப்பை ஒரே நிறுவனம் நடத்தி, அதுவே பட்டமும் தருகிறது. டெல்லி பக்கமும் புனே அருகே லவாசாவிலும் வளாகங்கள் திறந்தாயிற்று. ஒரு காலேஜாக இருந்திருந்தால் இதில் எதுவும் இவ்வளவு சுலபமாக நடந்திருக்காது.

அதே ஊரில் சேசு சபையின் செயின்ட் ஜோசப் காலேஜ், 1882-ல் தொடங்கியது. அதுக்கு நிகர்நிலை வழி இல்லை. மாநில அரசே தனிச் சட்டம் போட்டு, அரசு-தனியார் கூட்டு முறையில் பல்கலைக்கழகமாக்கியது. 2022 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு தொடங்கிவைத்தார்.

கொல்கத்தாவில் மூன்றாவது ரூட். 1860-ல் தொடங்கிய செயின்ட் சேவியர் காலேஜ் அப்படியே இருக்கிறது. அதைத் தொடாமல், நியூ டவுனில் புது இடம் வாங்கி 2017-ல் செயின்ட் சேவியர் பல்கலைக்கழகத்தைத் தனியாகத் தொடங்கினார்கள். பழைய கல்லூரியை மாற்றாமல் பல்கலைக்கழகம் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த மாடல்தான் பாதுகாப்பானதாகத் தெரிகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டில் உருவான டி.எம்.ஐ. என்ற கன்னியர் சபை தான்சானியாவிலும் ஜாம்பியாவிலும் மலாவியிலும் பல்கலைக்கழகம் நடத்துகிறது. நாகாலாந்திலும் ஒன்று உண்டு. சென்னையை ஒட்டி அவர்கள் நடத்துவது இன்ஜினீயரிங் கல்லூரி.

அப்படின்னா இங்கே தடை என்ன?

முதல் தடை, நிலம். தமிழ்நாடு தனியார் பல்கலைக்கழகச் சட்டம், 2019-ன்படி ஒரே தொடர்ச்சியாக 100 ஏக்கர் வேண்டும். கதீட்ரல் சாலையிலோ நுங்கம்பாக்கத்திலோ இனி அதற்கு எங்கே போவது? புதிதாக வருபவர்களுக்கு ஓ.எம்.ஆரும் ஈ.சி.ஆரும் கிடைக்கும். ஊருக்கு நடுவே நூறு வருஷமாக இருக்கும் கல்லூரி என்ன செய்யும்?

2025 அக்டோபரில் சட்டப்பேரவையில் நிறைவேறிய திருத்த மசோதா தொட்டது இந்த இடத்தைத்தான். மாநகராட்சிப் பகுதி என்றால் 25 ஏக்கர், நகராட்சி, பேரூராட்சி என்றால் 35, மற்ற இடங்களில் 50 போதும் என்றது. அதைவிட முக்கியம், ஏற்கெனவே இயங்கும் கல்லூரிகளே தனியார் பல்கலைக்கழகமாக மாற வழி திறந்தது. ஆசிரியர் சங்கங்களும் இடதுசாரிக் கட்சிகளும் கடுமையாக எதிர்த்தன. அதே மாதக் கடைசியில், மசோதா மறு ஆய்வு செய்யப்படும் என்று உயர்கல்வித் துறை அமைச்சர் கோவி.செழியன் அறிவித்தார். நிறைவேறிய வேகத்திலேயே பின்வாங்கியது.

‘எய்டட்’ சீட் என்ன ஆகும்?

எதிர்ப்பின் மையம் நிலம் இல்லை, ‘எய்டட்’ என்ற ஒற்றைச் சொல். மேலே சொன்ன கத்தோலிக்கக் கல்லூரிகள் எல்லாமே அரசு உதவி பெறுபவை. அரசு அனுமதித்த பணியிடங்களில் இருக்கும் பேராசிரியர்களுக்குச் சம்பளம் அரசுக் கருவூலத்தில் இருந்து வருகிறது. அதனால்தான் அந்தப் பிரிவுகளில் கட்டணம் குறைவு. அதே கல்லூரியில், அதே பாடத்தை, சுயநிதிப் பிரிவில் படிப்பவர் கட்டும் தொகை அதைவிடப் பல மடங்கு. லயோலாவில் ‘ஷிஃப்ட் ஒன், ஷிஃப்ட் டூ’ என்று பேசும்போது பெற்றோர் மனசில் ஓடுவது டைம் டேபிள் இல்லை, இந்தக் கணக்குதான்.

கல்லூரி தனியார் பல்கலைக்கழகமாக மாறினால் இந்த உதவி என்ன ஆகும், காலியாகும் எய்டட் பணியிடங்களை யார் நிரப்புவார்கள், இடஒதுக்கீடு எப்படித் தொடரும்? இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான, எழுத்துப்பூர்வமான பதில் வராதவரை எதிர்ப்பை ‘வளர்ச்சிக்குத் தடை’ என்று தள்ளிவிட முடியாது. முதல் தலைமுறையாகக் காலேஜ் வாசலை மிதிக்கும் பிள்ளைக்கு, ஐந்து புது ஸ்கூல்களைவிட ஒரு எய்டட் பி.எஸ்சி. சீட் பெரிது. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் இருந்தோ கோவளத்தில் இருந்தோ பஸ் பிடித்து நுங்கம்பாக்கம் போகிறவர்கள், பக்கத்திலேயே இத்தனை பல்கலைக்கழகம் இருந்தும் ஏன் போகிறார்கள் என்பதற்குப் பாதி பதில் இதுதான். மீதிப் பாதி, அந்தப் பெயர்.

சிறுபான்மை உரிமை பற்றி ஒரு வார்த்தை. அரசமைப்புச் சட்டத்தின் 30(1) பிரிவு, சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனம் தொடங்கி நடத்தும் உரிமையைத் தருகிறது. அகமதாபாத் செயின்ட் சேவியர் காலேஜ் வழக்கில், 1974-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொன்னது இது: பல்கலைக்கழக இணைப்பு அடிப்படை உரிமை இல்லை, ஆனால் இணைப்புக்கான நிபந்தனைகள் அந்த நிறுவனத்தின் சிறுபான்மைத் தன்மையைக் கரைத்துவிடக் கூடாது. இந்தத் தீர்ப்பின் பாதுகாப்பு இருப்பதால், உரிமையைக் காப்பாற்றிக்கொள்ளவே பல்கலைக்கழகமாக வேண்டும் என்ற அவசரம் இந்தக் கல்லூரிகளுக்குப் பெரிதாக இல்லை.

இப்படியே இருந்துவிட முடியுமா?

கஷ்டம். தேசியக் கல்விக் கொள்கை 2020, கல்லூரிகளைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் முறையையே 15 ஆண்டுகளில் படிப்படியாக ஒழிக்கச் சொல்கிறது. கல்லூரிகள் தாங்களே பட்டம் தர வேண்டும், அல்லது ஒரு பல்கலைக்கழகத்துக்குள் கரைய வேண்டும். தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. ஆனால், பழைய முறையும் இங்கே ஆரோக்கியமாக இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் காலியான துணைவேந்தர் நாற்காலி, ஆளுநருக்கும் அரசுக்கும் இடையிலான இழுபறியில் நீண்ட காலம் நிரப்பப்படாமலே கிடந்தது. கல்லூரி எவ்வளவு நன்றாக நடந்தாலும், பட்டத்துக்கு அந்த அலுவலகத்தைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

எய்டட் பணியிடங்களைத் தொடாமல் பட்டம் கொடுக்கும் உரிமையை மட்டும் கொடுக்க முடியுமா என்பதுதான் அடுத்த மசோதாவில் பார்க்க வேண்டிய வரி. பெங்களூர் செயின்ட் ஜோசப்பில் அரசும் பங்குதாரராக இருந்தது இங்கே பேசப்பட வேண்டிய முன்னுதாரணம்.

அப்ளை பண்ணப் போறீங்களா?

முட்டுக்காடு பக்கமோ நுங்கம்பாக்கமோ பெங்களூரோ, ஃபார்ம் போடும் முன் அட்மிஷன் கவுன்ட்டரில் கேட்க வேண்டியவை சில. பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் வரும்? அந்தப் பெயர் யு.ஜி.சி. இணையதளப் பட்டியலில் இருக்கிறதா? நிகர்நிலை நிறுவனங்கள் தங்கள் பெயரில் ‘யுனிவர்சிட்டி’ என்று நேரடியாகப் போடக் கூடாது என்று 2017-லேயே உத்தரவாகிவிட்டது. கிறைஸ்ட்கூட அதன் பிறகு பெயரோடு ‘டீம்டு டு பி’ சேர்த்துத்தான் எழுதுகிறது. ஆகவே பஸ்ஸில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

சட்டப் படிப்பு என்றால் பார் கவுன்சில் ஒப்புதல், பி.எட். என்றால் என்.சி.டி.இ., சிறப்புக் கல்வி என்றால் ஆர்.சி.ஐ. அங்கீகாரம் தனியாக வேண்டும்; பல்கலைக்கழகம் என்பதாலேயே அது வந்துவிடாது. கல்லூரி என்றால் இன்னொரு கேள்வி: கிடைக்கும் சீட் எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா? ஒரே பாடம், ஒரே கட்டடம் என்றாலும் மூன்று வருஷத்துக்கான மொத்தக் கட்டணத்தை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. முதல் செமஸ்டர் ஃபீஸை மட்டும் சொல்லி அனுப்பிவிடும் கவுன்ட்டர்கள் நிறைய உண்டு.